தள்ளிப் போட மாத்திரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் யாரும் ஒரு பொய்கூடப் பேசுவதில்லை. அதனால்தான் இதற்கு விடை சொல்வது கஷ்டம். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

தென்காசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே மருந்துக்கடை வைத்திருந்தவர் குத்தாலிங்கம். அதிர்ந்து பேசமாட்டார், யார் வம்புக்கும் போகமாட்டார், ஊரில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை மடிப்புக் கலையாமல் காப்பாற்றுவதே அவருக்குப் பாதி வேலை.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, காலையில் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். மூத்தவள் செண்பகம். இளையவள் அவள் தம்பி வெள்ளத்துரையின் மனைவி உலகம்மாள், இரண்டு பெண்குழந்தைகளுக்குத் தாய். கடையில் ஆண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். செண்பகம் அதையெல்லாம் சட்டை செய்கிறவள் இல்லை.

"அண்ணாச்சி, கொடை வருதுல்லா, தள்ளிப் போட மாத்திரை குடுங்க."

கொடை நாளில் மாதவிலக்கு வந்து கோயிலுக்குப் போக முடியாமல் ஆகிவிடக் கூடாதே என்று வாங்குகிற மாத்திரை அது. அந்த மாதம் முழுக்க அவர் அதைத்தான் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்டு, எட்டு நாளைக்குக் கொடுத்தார்.

மதினியின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி, தரையைப் பார்த்துக்கொண்டு உலகம்மாள் சொன்னாள். "எனக்கும் தள்ளிப் போடத்தான், அண்ணாச்சி."

"எத்தனை நாளைக்கு?"

"பத்து நாளைக்கு."

அட்டையை வெட்டிக் காகித உறையில் போட்டு நீட்டினார். "ஒரு நாளைக்கு மூணு. நிறுத்தினா மூணாம் நாள் வந்துரும்."

"வந்துருமா? அது போதும்" என்றாள் உலகம்மாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. செண்பகம் அவளைப் பார்த்தாள், குத்தாலிங்கத்தைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

கொடை முடிந்து ஒரு மாதம் கழித்து உலகம்மாள் தனியாக வந்தாள். கடை காலியாகிறவரை ஓரமாக நின்றாள்.

"மாத்திரைய நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு. இன்னும் வரல, அண்ணாச்சி. பயமா இருக்கு. ரெண்டாவது பிரசவத்துல நான் பிழைச்சதே பெரிசு. இன்னொண்ணு தரிச்சா உசிரு தங்காதுன்னு டாக்டரம்மா எங்க வீட்டுக்காரவுகளை வச்சுக்கிட்டுத்தான் சொன்னாவ. ஆபரேசனுக்கு அவுக ஒத்துக்கல. கேரளாவுல இருந்து பத்து நாள் லீவுல வாராவளே, பிள்ளை தரிக்காம இருக்க மாத்திரை வாங்கணும், தொணைக்கு வாங்கன்னு சொல்லித்தான் மதினியக் கூட்டியாந்தேன். ஊருக்கு வந்ததும் வீட்டுக்காரவுகளும் அட்டையப் பாத்தாவ. 'அக்கா கொடைக்குப் போடுற மாத்திரைதான, போடு'ன்னாவ. மதினியும் அதே போடுறாவளேன்னு தைரியமா இருந்தேன்."

குத்தாலிங்கத்துக்கு இப்போதுதான் புரிந்தது. மாதவிலக்கைத் தள்ளிப் போடவும் அந்தச் சொல்தான், பிள்ளையைத் தள்ளிப் போடவும் அந்தச் சொல்தான். அவள் ஒன்றைக் கேட்டிருக்கிறாள், அவர் இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார். அக்காளுக்குத் தெரிந்திருக்கிறது. தம்பிக்கும் தெரிந்திருக்கிறது. இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கலைத்துவிடலாம், அதற்கு நாள் இருந்தது. ஆனால் மாத்திரை எங்கே வாங்கினாய், டாக்டர் சீட்டு இருந்ததா என்று அங்கே கேட்பார்கள். அவர் கண் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்சுக்குப் போனது.

"அந்த மாத்திரை போட்டா சில பேருக்கு முன்ன பின்ன ஆகும், தாயி. பொறுத்துப் பாரு."

அதுவும் பொய்யில்லை. சில பேருக்கு ஆகத்தான் செய்யும். சத்து மாத்திரை ஒரு அட்டை சும்மாவே எடுத்துக் கொடுத்தார். "நீங்க நல்லா இருக்கணும், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாத்திரை போட்டவளுக்கு எப்படித் தரிக்கும் என்று அவள் பொறுத்திருந்தாள். வாந்தி வந்தபோது செண்பகம் சுக்குத் தட்டிக் கொடுத்தாள். வயிறு வெளியே தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஐந்து மாதம் முடிந்திருந்தது. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இனிமே கை வச்சாலும் ஆபத்து, வைக்காட்டாலும் ஆபத்து. இத்தனை நாள் ஏம்மா தள்ளிப் போட்ட?"

எட்டாம் மாதம் ரத்தம் நிற்காமல் போய் உலகம்மாள் செத்தாள். பிள்ளை பிழைத்தது. ஆண்பிள்ளை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அக்காளும் தம்பியும் பால்பவுடர் வாங்கக் கடைக்கு வந்தார்கள். குழந்தை செண்பகத்தின் தோளில் கிடந்தது. யாரும் எதுவும் கேட்காமலே பேச்சு அங்கே போய் நின்றது.

"இது என்ன மாத்திரைன்னு அவ என்கிட்ட கேக்கல" என்றாள் செண்பகம்.

"போடாதன்னா சொன்னேன்? போடுன்னுதான சொன்னேன்" என்றான் வெள்ளத்துரை.

"தள்ளிப் போடன்னு கேட்டா, தள்ளிப் போடத்தான நான் குடுத்தேன்" என்றார் குத்தாலிங்கம்.

மூன்றும் நிஜம். குழந்தை பசியில் கத்த ஆரம்பித்ததும், ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி போட வேண்டும் என்று குத்தாலிங்கம் டின்னைத் திருப்பிக் காட்டிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்த மூவரில் உலகம்மாளைக் கொன்றது யார்?

வெள்ளத்துரை என்று சொல்லத்தான் வாய் வரும். அவனை நினைத்தால் எனக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அக்காளும் தம்பியும் செய்தது பாதகம், அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் அதோடு நின்றிருந்தால் அவள் பிள்ளைதான் தரித்திருப்பாள், செத்திருக்கமாட்டாள். இரண்டாம் தடவை கடைக்கு வந்தபோது அவளுக்கு நாள் இருந்தது, நடந்து போகத் தெம்பிருந்தது, பயமும் இருந்தது. கொன்றவர் குத்தாலிங்கம். முதல் தடவை மாற்றிக் கொடுத்ததை விட்டுவிடலாம், அது சொல்லில் வந்த பிழை. எல்லாம் தெரிந்த பிறகு பொறுத்துப் பாரு என்றாரே, அதில்தான் அவள் உயிர் போனது. அவர்களுக்காவது ஒரு ஆண்பிள்ளை வேண்டியிருந்தது. இவருக்கு வேண்டியிருந்தது அந்த நல்ல பெயர் மட்டும்தான், அது இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போதும் கொடைக்கு முன்னால் பெண்கள் வந்து தள்ளிப் போட மாத்திரை கேட்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்கிறார். எதைத் தள்ளிப் போட என்று கேட்பதில்லை.