கிணற்றைக் கேட்ட கும்பிடுபூச்சி

பவளாயி ராஜாவின் காலில் விழுந்து அழுதாள் என்று கதை கட்டியவரே, நீர் சொன்னது பச்சைப் பொய்! நடந்ததை நான் சொல்கிறேன், கேளும்.

முன்னொரு காலத்தில் செம்மணல் சீமையை மகுடபூபதி என்றொரு ராஜா ஆண்டார். அவர் சபையில் ஒரு வழக்கம்: அதிக நேரம் கைகூப்பி நிற்பவருக்கே முதல் மரியாதை. தினமும் ஜெயித்தவர் நாவலங்காரர் என்ற பிரதானி.

ஒருநாள் பாலைவனத்துக்கு வேட்டைக்குப் போன ராஜா, அங்கிருந்த ஒரே கிணற்றடியில் ஒரு பச்சைப் பூச்சியைக் கண்டார். காலையில் கூப்பிய கையை அது உச்சிவெயிலிலும் இறக்கவில்லை.

"அடடா, நாவலங்காரரே, உம்மையே மிஞ்சிவிட்டதே! இது என்ன பிராணி?"

நாவலங்காரருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் புத்தி ஓடியது. "பிரபு, இது பூச்சியல்ல, தவசி! முதலில் அரண்மனைக்குக் கொண்டுபோவோம். பிறகு இந்தக் கிணற்றை வளைத்து இதற்குக் கோயில் கட்டுவோம். அடியேன் தர்மகர்த்தாவாக இருக்கிறேன்."

அந்தக் கிணறு போனால் உப்பு சுமக்கும் கழுதைகளுக்கு வழியில் ஒரு மடக்குத் தண்ணீர் கிடையாது. விஷயம் கேள்விப்பட்ட உப்பு வியாபாரி பவளாயி நேரே சபைக்கு வந்தாள். கைகூப்பவில்லை.

"திமிரைப் பாருங்கள் பிரபு!" என்றார் நாவலங்காரர்.

"திமிர்தான் சாமி. வெயில்ல நடந்து சம்பாதிச்சது," என்றாள் அவள். "மகாராஜா, ஒரு பேரம். தவசிக்குப் பாலும் பழமும் வையுங்க. பக்கத்துல ஒரு வெட்டுக்கிளியையும் விடுங்க. பழத்தைத் தொட்டா கிணறும் உங்களுக்கு, என் கழுதைகளும் உங்களுக்கு. வெட்டுக்கிளியைத் தொட்டா?"

"கிணறு உனக்கு!"

"எனக்கு மட்டும் எதுக்கு? வழியில போறவங்க எல்லாருக்கும்னு சொல்லுங்க. தண்ணி இறைச்சு ஊத்த ஓர் ஆளும் வேணும்."

"சரி, சரி!"

தங்கத் தட்டு வந்தது. பூச்சி பாலைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெட்டுக்கிளி ஒரு தத்துத் தத்தியது. கூப்பிய கை சடக்கென்று விரிந்து, இரையை அமுக்கியது. தலையிலிருந்தே தின்ன ஆரம்பித்துவிட்டார் தவசி!

"இது கும்பிடுபூச்சி, மகாராஜா. பேர்தான் அப்படி. இரை கிட்ட வர்ற வரைக்கும் கையை மடக்கி வச்சிருக்கும்."

ராஜா மெல்லத் திரும்பினார். கைகூப்பி நின்ற நாவலங்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"ஐயையோ, இத்தனை நாளும் உம் பக்கத்திலா உட்கார்ந்திருந்தேன்!" என்றார் ராஜா. சபை குலுங்கிச் சிரித்தது. "பவளாயி, தண்ணீர் இறைக்க இவர் போதுமா?"

"கை மெத்துன்னு இருக்கு. போகப் போகப் பழகிடும்."

ஆக, அவள் அழவில்லை. நிமிர்ந்து நின்று பேரம் பேசி ஜெயித்தாள். கதை கட்டியவரே, எந்தெந்தச் சபையில் அவளை அழவைத்தீரோ, அந்தந்தச் சபையில் போய் நின்று திருத்திச் சொல்லும். இன்றைக்கே கிளம்பும்!