உசிலமரத்து ஒப்பந்தம்

பறவைகள் வாய்விட்டுப் பேசி, வாய்ச்சண்டையும் போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு வாய்க்காலின் இக்கரையில் உசிலமரமும் அக்கரையில் புளியமரமும் நின்றன. உசிலமரம் புறாக்களின் நாடு. புளியமரம் அண்டங்காக்கையின் நாடு. பக்கத்து நாட்டுக்காரன் சும்மா இருப்பானா? புறா முட்டையிட வேண்டியதுதான், காக்கை வாய்க்காலைத் தாண்டி வந்து காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய்விடும்.

பொட்டுக்கழுத்தி என்ற புறா அப்படி மூன்று முறை பறிகொடுத்தவள். நான்காம் முறை முட்டையிடும் நாள் நெருங்கியது. "நாம சாதுவா இருந்தா அதுவே விட்டுடும்" என்றன மற்றப் புறாக்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதை அவை இன்னும் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் ஒரு கரிச்சான் ஜோடி உசிலமரத்து உச்சிக் கிளையில் வந்து கூடு கட்டியது. ஆண் கரிச்சான் என்னவோ கைப்பிடி அளவுதான். கோபம் வந்தால் பருந்தையே விரட்டுவான்! புறாக்கள் எல்லாம் நடுங்கின. பொட்டுக்கழுத்தி மட்டும் வேறு கணக்குப் போட்டாள். நேராகப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, காக்கா உங்க முட்டையையும் விடாது."

"வரட்டும், மண்டையைப் பொளந்துடறேன்!"

"நீங்க இருக்கும்போது அது ஏன் வருது? மாடு மேய்ச்சலுக்குக் கிளம்பினா, நீங்களும் அண்ணியும் வெட்டுக்கிளி பிடிக்கப் பின்னாடியே போயிடறீங்க. அப்பத்தான் வரும்."

"போன வருஷம் எங்க முட்டை அப்படித்தான் போச்சு" என்றான் கரிச்சான் மெதுவாக.

"எனக்குச் சண்டை தெரியாது, கத்தத் தெரியும். உங்க கூட்டுக்குப் பக்கத்துலயே நானும் கட்டிக்கிறேன். கண்ணு என்னோடது, அலகு உங்களோடது."

"ரெண்டு கூட்டுல எதைத் தொட்டாலும் ரெண்டு பேரையும் தொட்ட மாதிரி. அப்படித்தானே?"

"அப்படியேதான் அண்ணே!"

கரிச்சான் வாய்விட்டுச் சிரித்தான். ஒரு புறா தன்னிடம் பேரம் பேசுவதை அவன் கனவிலும் நினைத்ததில்லை. ஒப்பந்தம் முடிந்தது. பொட்டுக்கழுத்தியும் பக்கத்துக் கிளையில் இரண்டு முட்டையிட்டாள்.

செய்தி புளியமரத்துக்கு எட்டியதும் காக்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் தண்ணீர் குடிக்க வாய்க்காலுக்கு வந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து இறங்கியது.

"என்ன தாயி, நேத்து வந்த ரவுடியோட கூட்டு! நாமல்லாம் தலைமுறை தலைமுறையா அக்கம்பக்கம். நாளைக்கு நான் அவன் கூட்டுக்கு வருவேன். நீ வாயை மட்டும் திறக்காதே. உன் முட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன், சத்தியம்!"

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கூட்டுக்குத் திரும்பினாள். ஆசையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? வயிற்றுக்கடியில் இரண்டு முட்டையும் வெதுவெதுவென்று இருந்தன. சும்மா இருந்தாலே போதும், இரண்டும் பிழைத்துவிடும்.

மறுநாள் காலை மாடுகள் மேய்ச்சலுக்குப் போயின. கரிச்சான்களும் பின்னாலேயே போயின. உடனே வந்தது காக்கை! வரும்போதே அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, கரிச்சான் கூட்டுக்குள் அலகை நீட்டியது.

அந்தக் கண்ணடிப்புத்தான் அவளைச் சுட்டது. இன்றைக்கு அவன் முட்டை என்றால் நாளைக்கு யார் முட்டை?

"அண்ணே! ஓடி வாங்க! அண்ணே!"

எந்தப் புறாவும் அதுவரை அப்படிக் கத்தியதில்லை. மரமே அதிர்ந்தது.

"அடி துரோகி!" காக்கை கரிச்சான் கூட்டை விட்டு அவள் மேல் பாய்ந்தது. மேய்ச்சல் நிலத்திலிருந்து கவண்கல்லாக வந்துகொண்டிருந்தான் கரிச்சான். பொட்டுக்கழுத்திக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவன் கூடு தப்பிவிட்டதே! அவன் தன் கூட்டோடு நின்றுகொண்டால் யார் கேட்பது?

கரிச்சான் தன் கூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. வந்த வேகத்தில் காக்கையின் பிடரியில் விழுந்தான். கொத்து! இன்னொரு கொத்து! காக்கை சுழன்று அவன் வாலின் நடுவில் கவ்வி இழுத்தது. இறகுகள் கொத்தோடு பிய்ந்து வந்தன. அவன் விட்டானா? காக்கையின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து, வாய்க்காலைத் தாண்டிப் புளியமரம் வரைக்கும் மண்டையில் மேளம் கொட்டிக்கொண்டே போனான். சாதுவாக இருக்கச் சொன்ன புறாக்கள்தான் உரக்கக் கத்தின. "போடு! அப்படிப் போடு!"

திரும்பி வந்தவனைப் பார்த்துப் பொட்டுக்கழுத்தி பதறினாள். "அண்ணே, உங்க வாலு!"

"வாலு கிடக்குது. முட்டை ரெண்டும் இருக்கா, அதைப் பாரு."

அவள் வயிற்றை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். இருந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கரிச்சானின் வால் இரண்டாகப் பிளந்தது அன்றைக்குத்தான். அன்று தொட்டே புறாவும் கரிச்சான் கூடு கட்டிய மரத்தைத் தேடிப் போய் முட்டையிடுகிறது. அதுவும் நாலே நாலு குச்சியைக் குறுக்கே போட்டு, அதுதான் கூடு என்கிறது. காவல் பக்கத்துக் கிளையில் இருக்கும்போது கோட்டை எதற்காம்!