பால் நீரில் பாய்ந்த கெண்டை

அந்தக் காலத்தில் மீனும் பேசும், கள்ளையும் மாவையும் புளிக்கவைக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட்டும் பேசும். யார் மேலாவது கோபம் வந்தால் நேரில் வந்தே கேட்டுவிடும்.

அப்போது ஓர் ஓடைக்கரையில் நாச்சம்மை என்ற பலகாரக்காரி இருந்தாள். எருமைப்பாலைக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து திரிய வைப்பாள். திரண்டதைத் துணியில் வடிகட்டி, உருட்டிப் பாகில் போடுவாள். துணிக்குக் கீழே வடிந்த நீரை அண்டாவோடு தூக்கிப்போய் ஓடையில் கவிழ்ப்பாள்.

ஊரில் கல்யாணங்கள் பெருகின. அண்டாக்களும் பெருகின. ஓடை நாறத் தொடங்கியது.

ஒரு நாள் காலை அவள் அண்டாவோடு வந்தபோது, கெண்டை மீன் ஒன்று கரையோரம் தலையைத் தூக்கியது.

"நாச்சம்மை! அதைக் கீழே வை."

"என்னடி, காலங்காத்தால மிரட்டுற?"

"மிரட்டலா? அங்கே பார். நேத்துவரைக்கும் நீந்தின என் குஞ்சுங்க வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது. மிச்சம் இருக்கிறதையும் கொல்லணுமா?"

நாச்சம்மையின் முகம் சுருங்கியது. "நான் என்ன விஷமா ஊத்தினேன்? பால்ல இருந்ததையெல்லாம் நான் எடுத்துக்கிட்டேன். இது வெறும் தண்ணி. தண்ணியில தண்ணி ஊத்தினா என்ன தப்பு?"

"வெறும் தண்ணியா?"

"ஆமா, வெறும் தண்ணிதான்."

"அப்படின்னா நான் இதிலேயே குடியிருக்கேன்!"

கெண்டை ஒரே துள்ளாகத் துள்ளி அண்டாவுக்குள் விழுந்தது.

ஒரு சுற்று நீந்தியது. அதற்குள் வால் தளர்ந்தது. செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. நாச்சம்மை பதறிப்போய், கையை விட்டு அள்ளி, பக்கத்தில் இருந்த கிணற்றுநீர்க் குடத்தில் போட்டாள்.

"பைத்தியமே! செத்துப் போயிருப்பே!"

"நான் ஒருத்தி சாகப் போறதை உன்னால பார்க்க முடியலை. என் குஞ்சுங்க தினம் தினம் செத்ததை மட்டும் எப்படிப் பார்த்துக்கிட்டு இருந்தே?" குடத்துக்குள்ளிருந்து கெண்டை மூச்சு வாங்கியது. "பாலோட சர்க்கரை இதிலதான் இருக்கு. அதைத் தின்ன வர்ற அழுகல் கிருமிங்க ஓடையில இருக்கிற மூச்சுக்காற்றையே குடிச்சுத் தீர்க்குது."

நாச்சம்மை அண்டாவையும் குடத்தையும் அடுப்படிக்கே திருப்பிக் கொண்டுபோனாள். சர்க்கரை தின்பவர் யார் என்று யோசித்து, பனைமரத்துக் கலயத்தில் இருந்த கள் ஈஸ்ட்டை அழைத்துவந்தாள்.

"சர்க்கரைதானே? இதோ முடிச்சிடறேன்!" என்று அது குதித்தது. ஆனால் பால் சர்க்கரை ஒன்றல்ல, இரண்டு. கைகோத்து இறுக்கமாக நிற்கும். கள் ஈஸ்ட்டால் அதைப் பிரிக்கவே முடியவில்லை.

"சீ, இதெல்லாம் ஒரு சர்க்கரையா? மனுஷன் தின்பானா இதை?"

"நீ எப்போ மனுஷன் ஆனே?" என்றது கெண்டை.

கொடியில் காய்ந்த வடிகட்டும் துணியிலிருந்து ஒரு குரல் வெடித்தது. அங்கே ஒட்டிக்கொண்டிருந்த பால் ஈஸ்ட் அது.

"என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? இந்தச் சர்க்கரையை வெட்டத் தெரிஞ்சவ நான்தான். வெட்ட உட்காருறதுக்குள்ள இவ ஓடையில கொட்டிடறா! ஓடுற தண்ணியில எதைப் பிடிச்சுத் தின்பேன்? அண்டாவை நிறுத்தி வை. வெதுவெதுப்பா வை. மூடி வை."

நாச்சம்மை அந்தத் துணியையே அண்டாவில் முக்கி, மூடிவைத்தாள். உள்ளே குமிழ்கள் கிளம்பின, நுரை பொங்கியது. பால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தின்று சாராயமாக மாற்றியது. நாச்சம்மை அதைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தாள். விளக்கில் ஊற்றிப் பற்றவைத்தபோது நீலமாக எரிந்தது. மிஞ்சிய நீரை எருமைத் தொட்டியில் ஊற்றினாள்.

ஓடை மெல்லத் தெளிந்தது. கெண்டையைக் கொண்டுபோய் அதில் விட்டாள்.

"இப்போ சந்தோஷமா?" என்று கேட்டாள்.

"செத்த குஞ்சுங்க திரும்பி வருமா?" என்று கேட்டுவிட்டுக் கெண்டை நீருக்குள் போய்விட்டது.

கள் ஈஸ்ட் பால் நீரைச் சீண்டாமல் இருப்பதும், பால் ஈஸ்ட் அதை நுரைக்கவைத்துச் சாராயமாக்குவதும் அன்று முதல்தான். நாம் கண்டதையும் கொட்டுகிற குளங்களில் கெண்டைகள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடுவதும் அன்று முதல்தான். இரை கேட்கின்றன என்று நினைத்துப் பொரி போடுகிறோம். அவை நம்மைத் திட்டிக்கொண்டிருக்கின்றன.