மைனா வீட்டுப் பழைய சாமான்

அந்தக் காலத்தில், பாம்பும் பறவையும் நின்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், பாம்பு சட்டை உரிக்கும் என்பது பாம்பைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பாம்புக்கு அதில் அவ்வளவு வெட்கம். முள்ளுப் புதருக்குள் போய், யாரும் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உரிக்கும். உரித்ததை அங்கேயே போட்டுவிட்டுப் பளபளவென்று வெளியே வரும். "என்ன, குளிச்சிட்டு வாறியளோ?" என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடும்.

அப்போது ஒரு மொட்டைப் பனையில், மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில், மஞ்சமூக்கன் என்ற மைனா குடியிருந்தான். அவன் மனைவி பெயர் தவிட்டாள். போன வருஷம் அவள் இட்ட நாலு முட்டையையும் ஒரு சாரைப்பாம்பு வந்து விழுங்கிவிட்டது. அதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுவாள். இந்த வருஷம் மறுபடி மூன்று நீல முட்டை இட்டிருந்தாள். இதுவும் போனால் அவள் தாங்கமாட்டாள் என்று மஞ்சமூக்கனுக்குத் தெரியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

"என்னங்க, வீடு வீடா இருக்கணும்னா நாலு பழைய சாமான் வேணும்," என்றாள் தவிட்டாள். "கிளி வீட்டப் பாருங்க. மயில் உதுத்த தோகைய வாசல்ல சொருகி வச்சிருக்கா. அஞ்சு தலைமுறையா அங்கயே இருக்குத மாதிரி இருக்கு. நம்ம வீடு நேத்து வந்தவன் வீடு மாதிரில்லா இருக்கு!"

உண்மையில் இவர்கள்தான் முதலில் குடிவந்தவர்கள். கிளி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பிறகு எப்படி அது பழைய வீடு, இது புது வீடு? மஞ்சமூக்கனுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் பெண்டாட்டி சொல்லைத் தட்டாமல், ஒரு அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு அணில் கடைக்குப் போனான்.

விழுந்து கிடந்த ஆலங்கிளையில் அணில் கடை விரித்திருந்தது. தூக்கணாங்குருவியின் போன வருஷக் கூடு, சாயம் போன இறகு, உடைந்த வளையல், கறுத்துப்போன சிரட்டைத் துண்டு என்று எல்லாமே பழைய சாமான்கள்.

"வாங்க அண்ணாச்சி. இந்தச் சிரட்டையப் பாருங்க, நூறு வருஷத்துச் சாமான். இப்பல்லாம் இது மாதிரி யாரு செய்தா?"

சிரட்டையைத் தென்னை மரம்தானே செய்கிறது, அது இப்போதும் செய்துகொண்டுதானே இருக்கிறது என்று மஞ்சமூக்கன் குழம்பினான். அவன் வாயைத் திறந்து கேட்பதற்குள் அத்திப்பழம் கீழே விழுந்தது. அணில் அதை எடுத்துக்கொண்டு சிரட்டையைக் கொடுத்துவிட்டது.

வீட்டில் தவிட்டாள் அதை ஒரு கொத்துக் கொத்தினாள். மேலே பூசியிருந்த சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. "இது நேத்துச் செஞ்ச பழசுங்க. நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கிய."

நேற்றுச் செய்தது எப்படிப் பழசாகும்? நிஜப் பழசு மெதுவாக அழுக்காகிறது, பொய்ப் பழசைச் சீக்கிரம் அழுக்காக்கிவிடுகிறார்கள். கடைசியில் இரண்டும் அழுக்குத்தானே? இதை அவளிடம் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஊரெல்லாம் அலைந்தான். ஒரு முள்ளுப் புதருக்குள் நீளமாக, மெல்லிசாக, கட்டம் கட்டமாக என்னவோ கிடந்தது. ஊதினால் பறக்கிற மாதிரி இருந்தது. துணியா, இலையா, அவனுக்குத் தெரியவில்லை.

காக்காயிடம் காட்டினான். "பெரிய சிலந்தி கட்டுன வலைப்பா," என்றது காக்காய். அணிலிடம் காட்டினான். "ராணி வீட்டுத் திரை அண்ணாச்சி, எனக்குக் குடுத்துருங்க," என்றது அணில். வழியில் ஒரு தவளையிடம் காட்டினான். தவளை அதை ஒரு பார்வை பார்த்தது. பதிலே சொல்லாமல் கிணற்றுக்குள் குதித்துவிட்டது. பாவம், அதற்கும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

தவிட்டாள் கொத்திப் பார்த்தாள். சேறு உதிரவில்லை. "இதுதாங்க நெசப் பழசு!" என்று பூரித்துப்போனாள். முட்டைகளைச் சுற்றி அதை வளைத்து வைத்து, மிச்சத்தை வாசலுக்கு வெளியே தொங்கவிட்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் மஞ்சமூக்கன் இரை தேடிவிட்டுத் திரும்பினான். பனையில் பாதி உயரத்தில் சாரை ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே தவிட்டாள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். கத்த வாயைத் திறந்தான், கவ்வி வந்த இரைதான் கீழே விழுந்தது.

சாரை வாசலுக்கு வந்து சட்டென்று நின்றது. அந்தக் காலத்தில் பாம்பு நாக்கை வாய்க்குள்ளேயே வைத்திருக்கும். அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியே நீட்டி, வாசலில் தொங்குவதைத் தொட்டுப் பார்த்தது. அதே வாசனை, அதே கட்டம். இது அதனுடைய சட்டையேதான்.

"யாருல உள்ள?" என்றது சாரை.

தவிட்டாளுக்குப் பயத்தில் புத்தி கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் மைனாவுக்கு எது வருமோ அதுதான் வந்தது. கேட்டதை, கேட்ட குரலிலேயே, அப்படியே திருப்பிச் சொன்னாள்: "யாருல உள்ள?"

"நான்தாம்ல கேட்டேன்."

"நான்தாம்ல கேட்டேன்."

சாரை தன் உடம்பைத் திரும்பிப் பார்த்தது. சட்டையும் நம்முடையது, குரலும் நம்முடையது. அப்படியென்றால் நாம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டோம். முட்டையையும் விழுங்கியிருப்போம். பிறகு வெளியே நிற்பது யார்? நிற்க நிற்க அதற்கு வயிறு நிறைந்தது போலவே இருந்தது.

பக்கத்து மரத்துக் கிளையில் மஞ்சமூக்கன் உறைந்துபோய் உட்கார்ந்திருப்பதைக் கண்டது. "ஏம்ப்பா, நான் இப்ப மேல ஏறுதனா, எறங்குதனா?"

மஞ்சமூக்கனுக்கு அப்போது மேல் எது கீழ் எது என்றே தெரியவில்லை. "எறங்குதிய," என்றான்.

"அப்படித்தான் நானும் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுச் சாரை இறங்கிப் போய்விட்டது.

மூன்று முட்டையும் பொரிந்தன. மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்து கத்தியபோது தவிட்டாள் மறுபடி அழுதாள், இந்தத் தடவை சந்தோஷத்தில். அதற்கப்புறம்தான் தவளை கிணற்றிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்து, அது பாம்பு வாசனை அடிக்கிற சாமான் என்று சொன்னது. மஞ்சமூக்கன் கிளையிலிருந்து விழப் பார்த்தான். தவிட்டாள் மட்டும், "இருக்கட்டுங்க, வாசலுக்கு எடுப்பா இருக்கு," என்றாள்.

மைனாக்கள் எங்கிருந்தாவது ஒரு பாம்புச் சட்டையைத் தேடி வந்து கூட்டில் வைப்பது அன்று தொடங்கிய பழக்கம்தான். பாம்பும் அன்றிலிருந்து எந்தப் பொந்திலும் சட்டென்று தலையை விடுவதில்லை. வாசலில் நின்று நாக்கை நீட்டி நீட்டி, நாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறோமா என்று விசாரித்துவிட்டுத்தான் நுழைகிறது.