ராஜாவின் தூண்டிலில் விழுந்த சிக்கு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு ஏரி இருந்தது, ஏரியில் மீன் இருந்தது, நம் கதைக்கு அது போதும். அந்த ராஜாவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. ஆனால் பிடிக்காமல் சும்மா இருக்கவும் தெரியாது.

ஊரில் எல்லாரையும் போல ஒற்றைத் தூண்டிலோடு போனால் ராஜாவுக்கு என்ன மரியாதை? கெண்டைக்கு ஒரு கோல், விராலுக்கு ஒரு கோல், கெளுத்திக்கு ஒரு கோல், குறவைக்கு ஒரு கோல், ஆராலுக்கு ஒரு கோல், பேர் தெரியாத மீன் வந்துவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு கோல் என்று மூங்கிலில் செய்து அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் அரண்மனை வாசலில் நிமிர்ந்து நுழையாத நீளம். கோலின் நுனியில் நூல், நூலில் நெட்டித் தக்கை, தக்கைக்குக் கீழே முள்.

இவற்றையெல்லாம் காத்து வந்தவன் கடம்பன். ஏரிக்குப் புறப்படும் நாளில் அவன் ஒவ்வொரு நூலையும் அதனதன் கோலிலேயே சுற்றி, முள்ளைத் தக்கையில் குத்தி, கோல்களைச் சுமந்துகொண்டு போவான். கரையில் போய்ப் பிரிப்பான். சிக்கு என்ற பேச்சே எழுந்ததில்லை.

எழாத பேச்சை எழுப்பத்தானே பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள்! ஒரு நாள் கடம்பன் நூலைச் சுற்றி முடித்து ஏரிக்குப் புறப்படும் நேரத்தில் பிரதானி சேந்தனார் வந்தார். "மகாராஜா கரையில் இறங்கியதும் நீ நூல் பிரிக்கும்வரை கைகட்டி நிற்பதா? எல்லாவற்றையும் இப்போதே அவிழ்த்துத் தொங்கவிடு" என்றார். கடம்பன் தலையைச் சொறிந்தான். பிரதானி முறைத்தார். அவன் அவிழ்த்துவிட்டான்.

அன்றைக்குக் கடைத்தெருவில் நடந்ததைச் சொல்லி மாளாது. ஒரு முள் எண்ணெய்க் கடைக்காரரின் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போனது. இன்னொன்று பூக்காரியின் கூடையிலிருந்து மாலையை உருவிக்கொண்டது. அவர்கள் இருவரும் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடிவர, கடம்பன் திரும்பித் திரும்பிப் பார்க்க, ஏரிக்கரையில் வந்து சேர்ந்தது தூண்டிலாக இல்லை, காக்கைக் கூடாக இருந்தது. ராஜா பொழுது சாயும்வரை முடிச்சவிழ்த்தார். போதாக்குறைக்கு ஒரு விரால் அவர் எதிரிலேயே துள்ளி, மீசையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனது.

ராஜாவுக்கு வந்த கோபத்தில் அங்கேயே ஒரு சட்டம் பிறந்தது. "இனி என் தூண்டிலில் சிக்கு விழ எவன் காரணமோ, அவனுக்கு ஒரு வருஷம் சிறை. அவன் யாராக இருந்தாலும் சரி!"

கடம்பனைப் பிடித்துப் போட்டார்கள். பிரதானி வாயைத் திறக்கவில்லை.

கடம்பனின் மனைவி பொன்னாச்சி நேரே உத்தண்டியின் வீட்டுக்கு வந்தாள். உத்தண்டி அந்த ராஜாவின் விகடகவி. சபையில் ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. மற்றவர்களின் வயிறு எரிவது அவன் கேட்காமலே கிடைத்த சம்பளம்.

"ஐயா, எங்க வீட்டு ஆளு நூலைச் சுத்தித்தான் வச்சிருந்துச்சு. பிரதானி ஐயாதான் அவுத்துவிடுன்னாரு. அவுக்கச் சொன்னது அவரு, அடைபட்டது இதுவா? ஒரு வருசம்னா நானும் புள்ளைங்களும் என்ன செய்யிறது? அடுப்புல உலை வைக்கவே கை வரலீங்க" என்று அழுதாள்.

உத்தண்டிக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை. "நீ போய் உலையை வை தாயி. ஆள் வருவான்" என்று சொல்லி அனுப்பினான். எப்படி வருவான் என்பது அவனுக்கே தெரியாது.

மறுநாள் சபையில் எழுந்து நின்றான். "மகாராஜா, கடம்பன் மேல் குற்றமில்லை. தாங்கள் மனது வைத்து அவனை..."

அவன் முடிக்கவில்லை, பிரதானி குதித்தெழுந்தார். "அரசர் வாக்கு அம்பு போன்றது. விட்டதைத் திரும்ப வாங்குவதா? நாளைக்கு எவன் நம் சட்டத்தை மதிப்பான்?"

பொக்கிஷதார் மாணிக்கனார் பக்கத்திலிருந்து தாளம் போட்டார். "விகடம் சொல்வதும் தூண்டில் சுமப்பதும் ஒன்று என்று உத்தண்டியார் நினைக்கிறார் போலும். அடுத்த முறை அவரே கொண்டுவரட்டுமே!"

"அதுவும் நூலைச் சுற்றாமல், துணி போர்த்தாமல், தொங்கவிட்டபடியே" என்றார் பிரதானி.

ராஜாவுக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். உத்தண்டி, என் தூண்டில்கள் பரம்பரைப் பகையாளிகளைப் போல ஒன்றையொன்று தொடாமல் ஏரிக்கு வந்து சேர வேண்டும். படகிலும் அப்படியே இருக்க வேண்டும். உன்னால் சிக்கு விழுந்தால் கடம்பனுக்குத் துணையாக நீயும் உள்ளே போவாய்."

"விழாவிட்டால் கடம்பனை விடுவீர்களா, மகாராஜா?"

ராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி அம்பு விடுவது போல விரலைக் காட்டினார். "அவனுக்கு விதித்தது விதித்ததுதான். வாக்கு வாக்குதான்" என்றார் ராஜா, கொஞ்சம் சங்கடத்தோடு.

"சரி. சுமக்கிற ஆட்களையாவது நான் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமா?"

"யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்."

இங்கே அந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரதானியும் பொக்கிஷதாரும் சபையில் பார்த்தால் கட்டித் தழுவிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனதும் பல்லைக் கடிப்பார்கள். பிரதானிக்குப் பொக்கிஷச் சாவியின் மேல் கண், பொக்கிஷதாருக்குப் பிரதானியின் ஆசனத்தின் மேல் கண். சேனாபதிக்கு இருவர் மேலும் சந்தேகம். ஆஸ்தான ஜோசியரோ மூன்று பேரிடமும் தனித்தனியாக, "அடுத்த யோகம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிப் பட்டு வாங்கியிருந்தார்; மூன்று பேரும் ஒருநாள் ஒன்றாக வந்து கேட்டுவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். இந்த நால்வரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்று: உத்தண்டியைத் தொலைக்க வேண்டும்.

ஏரிக்குப் போகும் நாள் வந்தது. உத்தண்டி அரண்மனை வாசலில் நின்று பிரதானி கையில் ஒரு கோலைக் கொடுத்தான். பொக்கிஷதார் கையில் ஒன்று, சேனாபதி கையில் ஒன்று, ஜோசியர் கையில் ஒன்று. தானும் கைக்கு ஒன்றாக இரண்டை எடுத்துக்கொண்டான்.

"என்ன அநியாயம் இது! நான் கோல் சுமப்பதா?" என்றார் பிரதானி.

"யாரை வேண்டுமானாலும் என்றார் மகாராஜா. அரசர் வாக்கு அம்பு போன்றது என்று தாங்கள்தானே சொன்னீர்கள்? இன்னொன்று, ஐயாமார்களே. யார் கையிலுள்ள கோலில் சிக்கு விழுகிறதோ அவர்தான் காரணம். ஒரு வருஷம். புறப்படலாமா?"

அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவன் வேண்டுமென்றே தன் நூலில் கொக்கி போட்டு மாட்டிவிடுவான் என்று நால்வருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. பிரதானி தெருவின் இந்த ஓரம் போனார், பொக்கிஷதார் அந்த ஓரம் போனார். நடுவில் வைக்கோல் வண்டி ஒன்று தாராளமாகப் போனது. சேனாபதி எல்லாருக்கும் பின்னால், போர்க்களத்தில் கூடக் காட்டாத எச்சரிக்கையோடு வந்தார். ஜோசியர் ராகுகாலத்தைக் கூடப் பார்க்காமல் முன்னால் ஓடினார். புளியமரக் கிளை வந்தால் குனிந்தார்கள், கொடியில் துணி காய்ந்தால் சுற்றிப் போனார்கள். எண்ணெய்க் கடைக்காரர் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

ஏரிக்கரையில் ராஜா கோல்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நூல்கள் மழைத்தாரை போல நேராகத் தொங்கின.

"எப்படி உத்தண்டி?"

"பகையாளிகளைப் போல வரவேண்டும் என்று உத்தரவிட்டீர்கள், மகாராஜா. மூங்கிலுக்குப் பகை என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்தவர்கள் கையில் கொடுத்தேன்."

ராஜா மீசைக்குள் சிரித்தார். நால்வரும் வானத்தைப் பார்த்தார்கள்.

எல்லாரும் படகில் ஏறினார்கள். முன்னால் ராஜா விரால் கோலோடு உட்கார்ந்தார். அவருக்கு எதிரிலேயே, அவரைப் பார்த்தபடி உத்தண்டி. நடுவில் பிரதானி இடப்பக்கமும் பொக்கிஷதார் வலப்பக்கமும் முதுகைக் காட்டிக்கொண்டு கோலை வெளியே நீட்டினார்கள். பின்னால் சேனாபதியும் ஜோசியரும் அதேபோல. நண்டு கால் பரப்பிய மாதிரி படகு போனது. படகோட்டி, "இப்படி ஒரு சவாரி என் ஆயுசுல ஏத்தினதில்ல சாமி. ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறாங்களே!" என்றான்.

வெகு நேரம் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிரதானியால் தாங்க முடியவில்லை. இவன் ஜெயித்துவிட்டுக் கரையேறுவதா? மெல்லத் திரும்பிப் பொக்கிஷதாரின் காதருகே குனிந்தார்.

"திரும்பும்போது நான் படகை ஆட்டுகிறேன். அவன் கோல் ராஜாவின் கோல்மேல் விழும்படி நீர் ஒரு இடி இடியும்."

காதில் தேன் பாய்ந்ததுபோல் பொக்கிஷதாரும் நன்றாகச் சாய்ந்துகொடுத்தார். இரண்டு தலையும் சேர்ந்தன. கையிலிருந்த கோல்கள் மட்டும் சும்மா இருக்குமா? அவையும் தலைக்கு மேலே சேர்ந்தன. இந்த நூல் அந்த நூலைத் தழுவியது. அந்த நேரம் பார்த்து ஒரு கெண்டை பிரதானியின் முள்ளைக் கவ்வி, சுற்றிச் சுற்றி வந்து முடிச்சைக் கெட்டியாக்கிவிட்டுப் போயே போய்விட்டது.

"சிக்கு!" என்று கத்தினார் ராஜா. "யார் காரணம்?"

"இவர்தான்!" என்றார்கள் இருவரும் ஒன்றாக. பிறகு பிரதானி சமாளித்து, "காற்று, மகாராஜா. பலத்த காற்று" என்றார்.

"காற்றென்றால் ஜோசியர் கோலையும் ஒரு கை பார்த்திருக்கும். அது நேராக நிற்கிறது. இரகசியம் பேசிய தலைகளுக்கு மேலே மட்டும் காற்றடித்திருக்கிறது" என்றான் உத்தண்டி.

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியானால் இருவருக்கும் ஒரு வருஷம்!"

"மகாராஜா, இந்த ஒரு முறை மட்டும்..." என்று காலில் விழுந்தார் பிரதானி.

"விட்ட அம்பைத் திரும்ப வாங்கச் சொல்கிறீரா? சரி, என்ன பேசினீர்கள்? அதையாவது சொல்லும்."

இருவரும் சிக்கை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். ராஜா உத்தண்டியின் பக்கம் திரும்பினார். "உனக்குக் கேட்டதா?"

"சபை நடுவே சொல்லக்கூடிய விஷயமில்லை, மகாராஜா. தங்கள் செவியைக் கொஞ்சம் கொடுத்தால்..."

ராஜாவுக்கு ஆவல் தாங்கவில்லை. ஒரு கையில் கோலைப் பிடித்தபடியே உத்தண்டியை நோக்கி நன்றாகக் குனிந்தார். உத்தண்டியும் குனிந்தான். ராஜாவின் காதில் மெதுவாகச் சொன்னான்:

"எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, மகாராஜா. கொஞ்சம் மேலே பாருங்கள்."

ராஜா மேலே பார்த்தார். அவருடைய நூலும் உத்தண்டியின் நூலும் பின்னிக்கொண்டிருந்தன. அழகான, கெட்டியான சிக்கு.

படகோட்டி துடுப்பைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். விகடம் பலித்தால் பொன்னாச்சி வீட்டில் உலை கொதிக்கும், பலிக்காவிட்டால் உத்தண்டியின் தலை உருளும்.

"யாராக இருந்தாலும் சரி என்று சட்டம், மகாராஜா" என்றான் அவன் பணிவாக. "நாம் நால்வரும் ஒரு வருஷம் போய் இருக்க வேண்டியதுதான். பயப்பட வேண்டாம். கடம்பன் முன்னாலேயே போயிருக்கிறான், நமக்கு இடம் காட்டுவான். நாட்டை அதுவரை ஜோசியர் பார்த்துக்கொள்வார். அவருக்கு யோகம் இருக்கிறதோ என்னவோ!"

"ஐயையோ, எனக்கு வேண்டாம்!" என்று ஜோசியர் அலறினார்.

ராஜாவின் வயிற்றிலிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு! மீசை நடுங்கியது, தோள் குலுங்கியது, படகே ஆடியது. படகு ஆடியதும் சேனாபதி கோல் ஜோசியர் கோல்மேல் விழுந்தது, அது பொக்கிஷதார் கோலை இழுத்தது, கடைசியில் எல்லாத் தூண்டிலும் ஒரே சிக்காகித் தண்ணீரில் விழுந்தது. இழுத்துப் பார்த்தால் கனத்தது. எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். சிக்கின் நடுவே, எந்த முள்ளில் மாட்டியது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாதபடி, ஒரு பெரிய விரால் துள்ளிக்கொண்டு வந்தது.

"இதுதான்! என் மீசையில் தண்ணீர் தெளித்தவன் இவன்தான்!" என்று ராஜா குழந்தையைப் போலக் கைதட்டினார். அவர் பிடித்த முதல் மீன் அது. அவர் பிடித்தது என்றுதான் நாமும் சொல்ல வேண்டும்.

கரையில் கால் வைத்ததும் ராஜா சொன்னார்: "என்னையே உள்ளே போடுகிற சட்டம் நல்ல சட்டமாக இருக்க முடியாது. அதை இந்த ஏரியிலேயே போட்டுவிட்டேன். கடம்பனை இப்போதே அழைத்து வாருங்கள். இனி என் தூண்டில் அவன் சொல்கிறபடி வரும், அவன் சுற்றுகிறபடி சுற்றப்படும்."

உத்தண்டிக்குத் தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிப் போட்டார். விராலைப் பொன்னாச்சி வீட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கு அந்த வீட்டு உலை கொதித்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டதாம்.

சிறைவாசம் நீங்கியதே தவிர, பிரதானிக்கும் பொக்கிஷதாருக்கும் தண்டனை நீங்கவில்லை. அந்தப் பெரிய சிக்கை அவர்கள் இருவரும்தான் அவிழ்க்க வேண்டும் என்று உத்தரவானது. ஏரிக்கரையில் எதிரெதிரே உட்கார்ந்து, தலையோடு தலை முட்ட, முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார்கள். கடம்பன் பக்கத்தில் நின்று, அவிழ்ந்த நூலை ஒவ்வொன்றாக வாங்கிக் கோலில் சுற்றி, முள்ளைத் தக்கையில் குத்தினான். இருட்டும்வரை அந்த இரண்டு தலைகளும் அவ்வளவு நெருக்கமாகவே இருந்தன. ஆனால் ஒரு வார்த்தை கூடக் காதோடு பேசிக்கொள்ளவில்லை.