உப்பாயியின் கால்

அந்தக் காலத்தில் குதிரைக்கு வாய் இருந்தது கொள்ளு தின்ன மட்டுமல்ல, வம்சப் பெருமை அடிக்கவும்தான். மனிதர்கள் அந்த வித்தையைக் குதிரைகளிடமிருந்து கற்றுக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு.

கடலோரத்துச் செம்மணல் தேரியில் உப்பாயி என்று ஒரு பெண்குதிரை. உப்பளத்திலிருந்து சந்தைக்கு மூட்டை சுமப்பாள். அவள் வலது பின்னங்காலை முழுக்க ஊன்ற மாட்டாள். குளம்பு நுனியை மட்டும் மண்ணில் தொட்டுக்கொண்டு நிற்பாள். மகள் மின்னி குட்டியாக இருந்தபோது புதைமணலில் இறங்கிவிட, அவளை முட்டி முட்டி வெளியே தள்ளியதில் போன கால் அது. நொண்டிக்கொண்டே நடக்கும் அம்மாவின் பக்கத்தில், கால் புதையும் மணலில் ஓடி ஓடி வளர்ந்தாள் மின்னி. கெட்டித் தரையில் விட்டால் அவள் கால் மண்ணில் படுகிறதா இல்லையா என்று பார்க்கிறவர்கள் பந்தயம் கட்டுவார்கள்.

ஒருநாள் அரண்மனை லாயத்து மணியக்காரர் கருக்குவேல், குதிரை பொறுக்கச் சந்தைக்கு வந்தார்.

"சூரியன் தேரை இழுத்த ஏழு குதிரையும் என் பாட்டன்மார்," என்றது ஒரு வெள்ளைக்குதிரை.

"ஏழு பேருமா? உம்ம பாட்டி பாடு கஷ்டம்தான் ஓய். எங்கே, ஒரு சுற்று ஓடும் பார்ப்போம்."

வெள்ளை பாதிச் சுற்றில் நின்றது. "இன்றைக்குக் கொஞ்சம் சளி."

"என் முப்பாட்டன் ஒரே தாவில் கடலைத் தாண்டியவர்," என்றது கறுப்புக்குதிரை.

"அக்கரை போய்ச் சேர்ந்தாரா?"

"தகவல் இல்லை."

பிறகு மின்னி ஓடினாள். முதல் சுற்றில் கிளம்பிய புழுதி அடங்குமுன் மூன்றாம் சுற்றை முடித்துவிட்டாள். கருக்குவேல் வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடிக்க மறந்தார்.

"ஏட்டி, நீ யார் மகள்?"

மின்னி திரும்பிப் பார்த்தாள். பனைமரத்தடியில் மூட்டையோடு உப்பாயி நின்றாள். ஒரு கால் தூக்கியபடி. உப்புநீர் விலாவில் வடிந்து வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. இந்தப் பக்கம் வெள்ளையும் கறுப்பும் காதை விறைத்துக்கொண்டு காத்திருந்தன.

"நான் காற்றுக்குப் பிறந்தவள்," என்றாள் மின்னி. "எனக்கு அம்மா இல்லை."

"அந்த நொண்டியோடுதானே வந்தாய்?" என்றது வெள்ளை.

கருக்குவேல் பனைமரத்தடிக்கே போனார். "இவள் உன் பிள்ளையா ஆத்தா?"

உப்பாயி மகளைப் பார்க்கவில்லை. "எனக்கு எங்கே ஐயா இப்படி ஒரு பிள்ளை? நான் மூட்டை தூக்குகிறவள்."

"அப்படியா? நீதான் என்றால் உன்னையும் கூட்டிப்போகலாம் என்று பார்த்தேன். செத்துப்போன பாட்டனை எனக்கென்ன தெரியும்? மணலில் கூடவே நடத்தி வளர்த்த கால் இது, பார்த்தாலே தெரிகிறதே. வளர்த்தவளுக்கும் லாயத்தில் கொட்டில் உண்டு, கொள்ளு உண்டு, சுமை கிடையாது. சரி, நீ இல்லையென்றால் இல்லை."

மின்னி வாயைத் திறந்தாள். இத்தனை பேர் முன்னால் சொன்னதை எப்படி மாற்றுவது? மூடிக்கொண்டாள்.

உப்புக்காரன் தட்ட, உப்பாயி நடந்தாள். மணலில் மூன்று முழுக் குளம்படியும் ஒரு கீறலுமாகத் தடம் நீண்டு போனது.

லாயத்துக்குப் போன மூன்றாம் வருஷம் மின்னி ஒரு குட்டி போட்டாள். ஒரு நாழிகை போகுமுன் எழுந்து நின்ற குட்டி, வலது பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பு நுனியை மட்டும் தரையில் தொட்டது.

வைத்தியர் அமுக்கிப் பார்த்தார். முள் இல்லை, வீக்கம் இல்லை. வெளியே விட்டால் ஓட்டமாக ஓடியது. திரும்பி வந்து நின்றால் மறுபடி அதே கால்.

"இது யார் வழி?" என்று கேட்டார் கருக்குவேல்.

"என் அம்மா வழி," என்றாள் மின்னி. "உப்பாயி வழி."

அவர் அப்போதே உப்பளத்துக்கு ஆள் அனுப்பினார். போனவர்கள் உப்புப் பூத்த சேணம் ஒன்றோடு திரும்பி வந்தார்கள். போன கோடையில், பாத்தி வரப்பிலேயே மூட்டையோடு சாய்ந்துவிட்டாளாம்.

மின்னி அந்தச் சேணத்தை முகர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவள் பேசாததைப் பார்த்து மற்றக் குதிரைகளும் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. இரண்டு பின்னங்காலும் நன்றாக இருந்த மின்னி, ஒரு காலைத் தளர்த்தி நுனிக் குளம்பில் நின்றாள். அது வலித்தால் அடுத்த காலை.

குதிரை அசதியில் அப்படி நிற்கிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அன்று முதல்தான், எவ்வளவு பெரிய அரண்மனைக் குதிரையானாலும், யாரும் கேட்காமலே, ஒரு பின்னங்காலைத் தளர்த்திக் குளம்பு நுனியால் மண்ணைத் தொட்டபடி நிற்கிறது.