கடைசலா, புதுசா?

“நேத்து வந்த சக்கரத்தைக் கடையச் சொன்னீங்க. இன்னைக்கும் அதே மாதிரிச் சக்கரம்தான். வாயே திறக்க மாட்டீங்கறீங்க. எனக்கு ஒண்ணும் புரியலைங்க அம்மணி” என்றார் மயில்சாமி.

“நேத்து வேற சக்கரமுங்ண்ணா” என்றாள் கலாமணி.

சக்கரத்தைப் புரட்டிப் போட்டாள்.

மலை ரோடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது கலாமணியின் பட்டறை. மயில்சாமி அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வேலை பார்த்த நூல் மில்லை மூடியதும் தொழில் கற்க வந்தார். இங்கே அவர் சீடர், அவள் குரு. இதில் இருவருக்கும் வெட்கம் கிடையாது.

இருவருக்கும் நடுவில் ஒரு காரின் பிளைவீல் கிடந்தது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனத்த இரும்புச் சக்கரம். கிளட்ச் வந்து கவ்வுவது இதன் முகத்தில்தான். கவ்விக் கவ்வி முகம் தேய்ந்து, சூட்டில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது.

லேத்தில் கொடுத்துக் கடைந்து, முகத்தை ஒரு சீவு சீவினால் சாயங்காலமே வண்டி ஓடும். புதுசு என்றால் கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும். இரண்டு நாள் ஆகும்.

“சாயங்காலம் கிடைச்சிடுமா மேஸ்திரி?”

கேட்டது வண்டிக்காரர் செபாஸ்டின். கேட்டது மயில்சாமியை. அந்த நரைத்த மீசையைப் பார்த்தால் யாரும் அவரைத்தான் கேட்பார்கள்.

மலைமேல் எஸ்டேட்டில் செபாஸ்டினின் மகளுக்கு மாதம் நிறைந்திருந்தது. அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும்.

கலாமணி ஒரு கம்பியைச் சக்கரத்தின் ஓட்டையில் விட்டுத் தூக்கினாள். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினாள். விரிசல் விட்ட இரும்பு ஓட்டைப் பானை மாதிரி சத்தம் போடும்.

“எப்படிக் கேக்குதுங்ண்ணா?”

மயில்சாமி காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். குரு கேட்டால் சும்மா கேட்பாளா? பதிலை மடியில் கட்டிக்கொண்டு ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்தார்.

“கணீர்னு கேக்குதுங்க.”

இன்னொரு பக்கம் தட்டினாள். “இப்ப?”

“கொஞ்சம் மந்தமா இருக்குதுங்க.”

“அப்ப எது?”

“ரெண்டும்தானுங்க.”

கலாமணி சிரிக்கவில்லை. சக்கரத்தை இறக்கி, முகத்தில் மண்ணெண்ணெய் தடவினாள். துடைத்தாள். சாக்பீஸைப் பொடித்துத் தூவினாள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து பொடியில் கோடு காட்டும்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒரு கோடு வந்தது. தலைமுடி அளவுதான். வந்தது பாதியில் நின்றுவிட்டது.

“இது விரிசலா, கீறலா?” என்று கேட்டாள் கலாமணி.

கீறல் என்றால் ஒரு சீவில் போய்விடும். விரிசல் என்றால் சீவச் சீவ ஆபத்து. கொண்டை ஊசி வளைவில் சக்கரம் வெடித்தால் துண்டுகள் வண்டியின் தரையைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்.

“கீறலுங்க” என்றார் மயில்சாமி.

கலாமணி அவர் முகத்தையே பார்த்தாள்.

“இல்லீங்க, விரிசலுங்க.”

அப்போதும் பார்த்தாள்.

“கீறல் மாதிரி இருக்கிற விரிசலுங்க.”

சொன்னவருக்கே அது என்னவென்று விளங்கவில்லை. போன வாரம் மந்தமான சத்தத்தைக் கேட்டே ஒரு சக்கரத்தைக் காயலான் கடைக்கு அனுப்பியவள். நேற்று கண்ணால் பார்த்தே கடையச் சொன்னவள். இன்று மட்டும் எதற்கு இத்தனை கேள்வி? இதில் என்ன சூட்சுமத்தை ஒளித்து வைத்திருக்கிறாள்?

செபாஸ்டின் தொண்டையைச் செருமினார்.

“மேஸ்திரி, எம்பொண்ணு இந்த வண்டியில உக்காந்து வரப்போறா. பார்த்துச் சொல்லுங்க.”

வண்டிக்காரர் எதிரில் ‘தெரியாது’ என்று சொல்லக் கூடாது. எந்தப் பட்டறையிலும் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம் அது. மயில்சாமியும் கற்றிருந்தார். கோட்டைப் பார்த்தார். செபாஸ்டினைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியலைங்க” என்றார்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். அப்படி ஒன்றும் இறங்கவில்லை. அவமானமாகத்தான் இருந்தது.

கலாமணி சட்டென்று எழுந்தாள்.

“செபாஸ்டின் அண்ணா, புதுசுதான் போடணும். ரெண்டு நாள் ஆகும். எங்க தம்பியை ஜீப்போட வரச் சொல்றேன். இப்பவே மேல போயிப் பொண்ணைக் கூட்டிட்டு வந்துருங்க.”

போன் செய்தாள். ஜீப் வந்தது. செபாஸ்டின் ஏறிப் போனார்.

ஜீப் முதல் வளைவில் மறைகிறவரை மயில்சாமி பொறுத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“இப்ப நாம ரெண்டு பேருதான் இருக்கறோம். இப்பவாச்சும் சொல்லுங்க அம்மணி. அது விரிசலா, கீறலா?”

கலாமணி கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

“தெரிஞ்சிருந்தா உங்களை எதுக்குங்ண்ணா கேக்கறேன்?”